சமாதான வாணவேடிக்கையில் ஓர் ஊமை

பதுளைக்கு முதன்முதலாக ரயில் கோச்சி வந்து சேர்ந்த அன்று ஸ்டேஷன் வாசலில் சரவெடி கொளுத்தினார்கள். பஜார் ஆட்கள், தோட்டத்து ஆட்கள், அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். நான் கை தட்டவில்லை. விரலை மடக்கி எண்ணிக்கொண்டு நின்றேன். ரயில் பகுதியில் புதிதாகச் சேர்ந்த இளம் ஓவர்சியர் ஒருவர் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டார்.

“என்னங்க பெரியவரே, சரவெடியை யாராச்சும் எண்ணுவாங்களா?”

“பழக்கம் தம்பி. வெடிக்காம ஒண்ணு கெடந்தா?”

“கெடந்தாக் கெடந்துட்டுப் போவுது. ஊரே கொண்டாடுற நாளு. உங்களுக்குச் சந்தோஷம் இல்லையா?”

சந்தோஷம் இல்லாமலா? அந்தக் கோச்சி வந்த பாதையில் என் கையால் உடைபட்ட பாறைகள் எத்தனையோ இருக்கின்றன. எஞ்சின் புகையைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வெடிச் சத்தத்தோடு வருகிற சந்தோஷம் மட்டும் எனக்கு இரண்டு பங்காகத்தான் வரும். ஒரு பங்கு ஓடிப்போய்ப் பார் என்று தள்ளும். மற்றது தள்ளி நில் என்று சட்டையைப் பிடித்து இழுக்கும். இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை விடவில்லை. “அதை எழுதி வையுங்க, எங்களுக்கும் உதவும்” என்றார். பாறை உடைக்க உதவுமோ என்னவோ, சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது.

நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், ஓர் அறைக் காம்பிராவில் பிறந்தவன். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தி பிடித்தவர். எனக்கும் அதே கத்தியைக் கொடுக்கப் பார்த்தார். அப்புத்தளைப் பக்கம் ரயில் பாதை வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் ஓடிப்போனேன். முதலில் கூடையில் கல் சுமந்தேன். பிறகு உளி பிடித்தேன். பிறகு சம்மட்டி அடித்தேன். கடைசியாகத்தான் திரியைக் கையில் கொடுத்தார்கள். அதற்குள் எனக்கு மீசை முளைத்து, கல்யாணமும் ஆகிவிட்டது. பாதை பண்டாரவளையோடு நின்றதும் எங்களை ரோட்டு வேலைக்கு மாற்றினார்கள். மலையைக் குடைந்து வண்டிப்பாதை அகலமாக்கும் வேலை. பல வருஷம் கழித்துப் பதுளைக்கு ரயில் பாதை நீட்டத் தொடங்கியபோது மறுபடியும் அங்கே போனோம். எங்கே போனாலும் எங்கள் கூட்டத்துக்கு மேலாள் ஒருவரே. அவரை நாங்கள் ‘பொறு துரை’ என்போம்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையாது. அவருடைய வாயிலும் தமிழ் அவ்வளவாக நுழையவில்லை. வந்த புதிதில் அவர் கற்றுக்கொண்ட ஒரே சொல் ‘பொறு’. அதை வைத்தே குடும்பம் நடத்தினார். சம்மட்டி வேகமாக இறங்கினால் ஒரு பொறு. கூலிப் பேச்சு சூடானால் ஒரு பொறு. மழை வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு பொறு. ஆள் உயரமானவர், செந்தாடி, எந்த வெயிலிலும் கறுத்தக் குடை. ஒருநாளும் அவர் கை ஓங்கியோ குரலை உயர்த்தியோ நான் பார்த்ததில்லை. பின்னாளில் தமிழ் கொஞ்சம் கூடியது. ஆனாலும் பெயர் மாறவில்லை.

அவர் எங்களுக்குப் பழக்கிய முறையைச் சொல்லிவிடுகிறேன். பாறையில் உளியை வைத்து, அடிக்கு ஒருமுறை திருப்பித் திருப்பி ஆழமாகத் துளை இறக்குவோம். அதற்குத் தமர் என்று பெயர். தமருக்குள் இருக்கிற கல்மாவைத் துடைத்தெடுத்து, துணி சுற்றிய குச்சியை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வெடிமருந்து. அதன்மேல் திரி. அதன்மேல் களிமண்ணை உருட்டிப் போட்டு மரக்கோலால் மெல்ல இடிக்க வேண்டும். இரும்புக் கம்பி அந்தப் பக்கமே வரக்கூடாது. கல்லில் உரசி ஒரு பொறி பறந்தால் போதும். ஒவ்வொரு புதுச் சுருளிலும் துரையே ஒரு துண்டு திரியை வெட்டி, தரையில் போட்டு எரியவிட்டுப் பார்ப்பார். எவ்வளவு வேகத்தில் எரிகிறது என்று நாங்களும் குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதன்பிறகு இரண்டு பக்கமும் ரோட்டில் சிவப்புக் கொடி. விசில். கொளுத்தியவன் ஓடக்கூடாது, நடக்க வேண்டும். ஓடுகிறவன்தான் விழுவான் என்பார்.

மறைவில் போய் உட்கார்ந்ததும் எல்லோரும் விரலை மடக்குவோம். எத்தனை திரி கொளுத்தினோமோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் அங்கே ஒரு தமர் வெடிக்காமல் கிடக்கிறது என்று அர்த்தம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ஊமை. ஊமை செத்ததாகவும் இருக்கலாம், தூங்குவதாகவும் இருக்கலாம். திரிக்குள் நெருப்பு மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். நாம் போய்க் குனிந்து பார்க்கிற நேரத்தில் விழித்துக்கொள்ளும்.

ஊமை விழுந்தால் பொறு துரை செய்கிற காரியம் ஒன்று உண்டு. குடையை விரித்து ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து, “சாயத்தண்ணி” என்பார். பால் இல்லாத தேநீர்தான். அப்போதுதான் கேத்தலில் பச்சைத்தண்ணி பிடித்து அடுப்பை மூட்ட வேண்டும். முன்னமே கொதித்த தண்ணி கூடாது. கொதித்து, சாயம் இறங்கி, ஆறி, அவர் கடைசிச் சொட்டு வரை குடித்து, கைக்குட்டையால் தாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கும் வரை ஒருவரும் அசையக்கூடாது. அதன்பிறகும் அந்தத் தமரை நோண்டக்கூடாது. தள்ளி வேறொரு தமர் போட்டு, அதன் வெடியில் ஊமையையும் சேர்த்துக் கிளப்ப வேண்டும்.

ஒருமுறை அப்புத்தளை ரோட்டில் ஊமை விழுந்து நாங்கள் இப்படி உட்கார்ந்திருக்கும்போது, ஒரு தோட்டத்துத் துரை குதிரையில் வந்து கொடிக்காரனைத் திட்டினார். எங்கள் துரை தன் தகரக் கோப்பையில் பாதியை இன்னொரு கோப்பையில் ஊற்றி நீட்டினார். வந்தவர் சிவந்த முகத்தோடு அதை வாங்கினார். பாதி குடித்தபோது ஊமை விழித்துக்கொண்டது. குதிரை பின்னங்காலில் நின்றது. சாயத்தண்ணி முழுவதும் அவருடைய சட்டையில். கல்மழை ஓய்ந்ததும் அவர் இறங்கிவந்து எங்கள் துரையின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் குடை கீழே விழுந்தது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் பல மாதம் சிரித்தோம்.

எங்கள் கூட்டத்தில் அதிகம் சிரிக்க வைத்தவன் மாரிமுத்து. அவனும் ஸ்பிரிங்வெளிதான்; என் வயது. அவன் திரி வைத்தால் நான் களிமண் இடிப்பேன்; நான் திரி வைத்தால் அவன் இடிப்பான். வழியில் வருகிற எல்லோரையும் போலப் பேசிக் காட்டுவான். பொறு துரையைப் போல அவன் குடை பிடித்து உட்கார்ந்து காட்டியதை, பின்னால் நின்று துரையே ஒருநாள் பார்த்துவிட்டார். “தாடி இல்லே” என்று மட்டும் குறை சொன்னார். மாரிமுத்துவின் மனைவி செவனம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். அவள் மலையின் இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கத்து மலையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு குரல்.

அந்தக் காலத்தில் ராஜா பிறந்தநாள் என்றால் பதுளையில் பெரிய கொண்டாட்டம். குதிரைப் பந்தயத் திடலில் ஓட்டம், கயிறு இழுப்பு, வழுக்குமரம், பொழுது சாய்ந்ததும் வாணவேடிக்கை. ராஜா யார், எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் எங்களுக்கு அவ்வளவு தெரியாது. அவர் பிறந்ததால் எங்களுக்கு லீவு கிடைத்தது. அதற்காகவே அவர் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தோம்.

ஒரு வருஷம் அந்த நாளன்று காலையில் ஒரு வரிசை மட்டும் வெடித்துவிட்டு ரோட்டைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவு. மேலே உள்ள தோட்டங்களிலிருந்து துரைமார் வண்டிகளெல்லாம் அந்த வழியாகத்தான் பதுளைக்குப் போக வேண்டும். பொறு துரை அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். வேறு பகுதி ஓவர்சியர் ஒருவர் வந்திருந்தார். நான் வளைவுக்கு அப்பால் சிவப்புக் கொடியோடு நின்றேன். சத்தங்களை எண்ணினேன். ஒன்று குறைந்தது. சரி, இனி அடுப்பு மூட்டுவார்கள் என்று கொடியை ஊன்றிவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்து சற்று நேரத்திலேயே அந்தக் குறைந்த சத்தம் கேட்டது.

அது தனியாக வெடித்ததாகவே நினைத்தேன். பிறகுதான் ஆட்கள் கத்துகிற சத்தம் வந்தது. வளைவைச் சுற்றி ஓடிப்போய்ப் பார்த்தபோது மாரிமுத்து ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தான். முகம் முழுக்கக் கரியும் இரத்தமும். “யாரு வந்தது? அண்ணாமலையா?” என்று கேட்டான். “ஆமாண்டா” என்றேன். “என் மூஞ்சியில ஒரே மண்ணா இருக்கு, தொடைச்சு விடு மாப்ளே. கண்ணு தெரிய மாட்டேங்குது” என்றான். நான் துடைத்தேன். துடைத்தும் தெரியவில்லை.

அவனைப் போ என்று யாரும் சொல்லவில்லை. போகாதே என்று யாரும் பிடித்து நிறுத்தவும் இல்லை. “செத்த திரிதான், நான் பாத்துட்டு வாறேன்” என்று சொல்லிவிட்டுத் தானாகவே எழுந்து போயிருக்கிறான். அத்தனை வருஷம் சாயத்தண்ணி முறையில் பழகியவன் அன்று மட்டும் ஏன் அவசரப்பட்டான் என்பது எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அவன் சொல்லவும் இல்லை. பதுளை ஆஸ்பத்திரியில் அவனைக் கிடத்திவிட்டு நாங்கள் வாசலில் நின்றபோது, திடலிலிருந்து வாணங்கள் மேலே கிளம்பின. செவனம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

காய்ச்சல் தெளிந்து வந்த பொறு துரை மாரிமுத்துவை வேலையைவிட்டு நிறுத்த விடவில்லை. எங்கள் உளிகளைச் சூடேற்றிக் கூராக்குகிற கொல்லுப் பட்டறையில் துருத்தி ஊதுகிற வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தார். நெருப்பு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சத்தத்தை வைத்தே அவன் சொல்லப் பழகிக்கொண்டான். அவனுடைய நையாண்டியும் திரும்பி வந்தது. திரும்பி வராதது செவனம்மாவின் கலகலப்புதான். தீபாவளிக்கு அவள் இருந்த லயத்துப் பக்கம் ஒரு பட்டாசும் வெடிக்கக் கூடாது. வெடித்தால் விளக்குமாற்றோடு வருவாள். பிள்ளைகள் ஆற்றைத் தாண்டிப்போய் வெடித்துவிட்டு வருவார்கள். நானும் அவள் காதுபட வெடி வேலையைப் பற்றிப் பேசமாட்டேன்.

வருஷங்கள் போயின. பெரிய யுத்தம் வந்தது, முடிந்தது. யுத்தத்தை நாங்கள் பார்க்கவில்லை. விஷக் காய்ச்சலைப் பார்த்தோம், அரிசிப் பஞ்சத்தைப் பார்த்தோம். சமாதானம் வந்துவிட்டது, தீவு முழுக்கக் கொண்டாட வேண்டும் என்று சொன்னபோது லயங்களில் அவ்வளவு உற்சாகம் இல்லை. “அரிசி மூட்டையை வானத்துல விட்டு வெடிக்கச் சொல்லுங்க, நாங்க கீழ நின்னு ஏந்திக்கிறோம்” என்றான் மாரிமுத்து.

அந்த வாரம் பொறு துரை பட்டறைக்கு வந்தார். தாடி நரைத்திருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உத்தரவு போட வருகிறவர் தொப்பியைக் கழற்றமாட்டார். எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

“அண்ணாமலே, கச்சேரிக்குக் கொழும்பிலேருந்து வாணப் பெட்டி வந்திருக்கு. பெரிசு. நீ கொளுத்து.”

“நமக்கு அது வேணாங்க தொரை. நான் பாறை ஒடைக்கிறவன்.”

“வேற ஆள் கொளுத்தினா, ஆள் சாவு” என்றார். அங்கேயே நின்றார்.

நான் உளியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மருந்தில் ஒரு கைப்பிடி சிந்தினாலும் மண்ணோடு கூட்டி அள்ளுகிற வேலை எங்களுடையது. அந்த மருந்தை வானத்தில் கொட்டி வேடிக்கை பார்ப்பதா என்று ஒரு மனம். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நினைவு இன்னொரு மனம். இதையெல்லாம் தாண்டி, உண்மையைச் சொல்கிறேன், ஓர் ஆசையும் இருந்தது. வாழ்நாள் முழுவதும் திரியைக் கொளுத்திவிட்டுப் பாறைக்குப் பின்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தவன் நான். என் வெடி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை, கேட்டதோடு சரி. கொளுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிற வேலை ஒன்று வந்திருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு.

துருத்தி நின்றது. “அவன் கொளுத்துவான் தொரை” என்றான் மாரிமுத்து. “நானும் வாறேன். எனக்குக் கண்ணுதானே போச்சு, காது நல்லாத்தான் இருக்கு.”

இதைச் செவனம்மாவிடம் சொல்லும்போது நானும் கூட இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனான். அவள் கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை.

“கண்ணப் புடுங்குன மருந்து அது. அதப் பாத்துக் கை தட்டப் போறீங்களா?”

“பாக்கப் போறேன்னு யாரு சொன்னது? கேக்கத்தான் போறேன்.”

“பகிடி பண்ணாதீங்க. அண்ணே, நீங்களுமா?”

“தங்கச்சி, நான் போகலேன்னா தெரியாதவன் யாராச்சும் கொளுத்துவான். கூட்டம் நிக்கிற எடம்” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கூடையை இறக்கினாள். “அப்படின்னா நானும் வாறேன். இவரக் கூட்டிட்டுப் போறவன் எவனும் ஒழுங்கா வீட்டுல கொண்டாந்து விடமாட்டான். ஆனா ஒண்ணு, நான் அதப் பாக்கமாட்டேன்.”

கொண்டாட்ட நாளில் திடல் நிரம்பிவிட்டது. வெலிமடைப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த சிங்கள ஆட்கள், எங்கள் தோட்டத்து ஆட்கள், பஜார் முஸ்லிம் முதலாளிமார் குடும்பங்கள், துரைமார், துரைசானிமார். வாணங்களை வைத்திருந்த இடத்தைச் சுற்றி நானும் பொறு துரையும் பகலிலேயே தூரமாகக் கயிறு கட்டினோம். வாளிகளில் தண்ணீரும் மணலும் வைத்தோம். பெரிய வெடிகளுக்கான இரும்புக் குழாய்களை மண்ணில் பாதி புதைத்து, கூட்டம் இல்லாத பக்கமாகச் சற்றே சாய்த்து நிறுத்தினோம். மாரிமுத்து கயிற்றுக்கு அருகில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தான். செவனம்மா அவனுக்குப் பக்கத்தில், முதுகைத் திடலுக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். அவ்வளவு கூட்டமும் ஒரு பக்கம் பார்க்க, அவள் ஒருத்தி மட்டும் மறுபக்கம் பார்த்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் முதல் வாணத்தைக் கொளுத்தினேன். பழக்கத்தில் கால் தானாகத் திரும்பி நடந்தது. “பாரு, அண்ணாமலே” என்றார் துரை. நின்று நிமிர்ந்தேன். ஒரு கோடாகக் கிளம்பி, நாமுனுகலை மலையின் உச்சிக்கும் மேலே போனதுபோல் தெரிந்து, அங்கே விரிந்தது. எத்தனையோ பேர் ஒரே வாயாக ‘ஆ’ என்றார்கள். நானும்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வாய் திறந்தது மூடவில்லை. மாரிமுத்து ஒவ்வொன்றுக்கும் சத்தத்தை வைத்து ஒரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தான். “இது சீறுது, நம்ம கங்காணி மாதிரி. இது பொரியுது, கடுகு. இது என்னா, ஏறிக்கிட்டே இருக்கு, எறங்குமா எறங்காதா?”

கடைசிக்குச் சற்று முன்னால்தான் இரும்புக் குழாய்களின் முறை. முதல் குழாய் நன்றாக வெடித்தது. இரண்டாவதுதான் இருப்பதிலேயே பெரியது. கச்சேரியிலிருந்து வந்திருந்த துரை, இனிமேல் வருவதுதான் பெரிய பூ என்று கூட்டத்துக்கு உரக்கச் சொல்லிவைத்திருந்தார். திரியைக் கொளுத்தினேன். நடந்து வந்து நின்றேன். நெருப்பு குழாயின் விளிம்பு வரை போனது. உள்ளே போனது. ஒன்றும் வரவில்லை.

ஊமை.

பொறு துரை தன் பெட்டியில் உட்கார்ந்தார். மழையில்லாத வானத்துக்குக் கீழே குடையை விரித்தார். “சாயத்தண்ணி” என்றார். அருகில் கடை போட்டிருந்த காசிம் நானா கோப்பையோடு ஓடி வந்தார். துரை அதைத் தொடவில்லை. “பச்சைத்தண்ணி. புது அடுப்பு” என்றார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. கச்சேரித் துரைக்கு விஷயம் விளங்கியதும் அவரும் பேசாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆனால் மறுபக்கம் நின்ற கூட்டத்துக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் சீட்டியடித்தார்கள். தண்ணி போட்டிருந்த சில வாலிபர்கள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். ஒருவன் கையில் தீப்பந்தம். “நெருப்புப் பத்தல, நான் வைக்கிறேன்” என்று கத்தினான். அவர்களுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க இன்னும் பலர். நான் கத்தினேன். துரை விசில் ஊதினார். அந்த இரைச்சலில் ஒன்றும் எடுபடவில்லை. ரோட்டில் கொடியைப் பார்த்தால் நிற்கிற ஆட்கள் அல்லவே அவர்கள்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. மலைக்கு மலை கேட்கிற குரல்.

“எங்கடா போறீங்க? நில்லுங்கடா!”

செவனம்மா திரும்பியிருந்தாள். மாரிமுத்துவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கயிற்றோரமாகவே ஓடி, அந்த வாலிபர்களுக்கு நேரே, காஸ் லாம்பு வெளிச்சத்தில் அவனை நிறுத்தினாள். அவன் தலைப்பாகையைத் தூக்கிவிட்டு முகத்தைக் காட்டினாள்.

“இந்தா நிக்கிறாரு பாருங்க எம் புருஷன். இவரும் இப்படித்தான் வெடிக்காததப் பாக்கக் கொஞ்சம் முன்ன போயிட்டாரு. மூஞ்சியப் பாருங்க. நல்லாப் பாருங்கடா!”

பந்தத்தோடு வந்தவன் நின்றான். பின்னால் வந்தவர்கள் அவன்மேல் மோதி நின்றார்கள்.

“ராஜா பொறந்தநாளுக்கு வாணம் பாக்கணும், வெரசா வந்துருங்கன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன். நான் சொன்ன அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவசரப்பட்டாரு. இன்னைக்கு வரைக்கும் நான் வாணம் பாக்கல. உங்க வீட்டுலயும் ஒருத்தி அப்படி இருக்கணுமா? போங்கடா பின்னால!”

தமிழ் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். கயிறு மறுபடியும் இறங்கியது. தீப்பந்தத்தை அந்த வாலிபனே மண்ணில் குத்தி அணைத்தான். அவ்வளவு பெரிய திடலில் காசிம் நானாவின் அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம்தான் கேட்டது.

செவனம்மா அவனைப் பெட்டிக்குத் திரும்பக் கூட்டி வந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் அப்படிச் சொல்லி அனுப்பிய சேதி எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனை காலம் அவள் எதை முதுகில் சுமந்துகொண்டு திரிந்தாள் என்பதும் அன்றுதான் விளங்கியது. மாரிமுத்து தலையைச் சொறிந்தான்.

“என்னா புள்ள சொன்ன அங்க? நீ வெரசா வரச் சொன்னதுக்கா நான் போனேன்?”

“பின்ன எதுக்குப் போனீங்க?”

அவன் தலைப்பாகையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“சொல்லுங்க. எதுக்கு?”

“வழுக்குமரத்துக்கு.”

“என்னது?”

“வழுக்குமரம் புள்ள. முந்தின வருஷம் பாதியில சறுக்கி விழுந்து ஊரே சிரிச்சுச்சு. அந்த வருஷம் கைக்குப் பூசச் சாம்பலு, மடியில முடிஞ்சு வச்சிருந்தேன். பிந்திப் போனா வேற எவனாச்சும் உச்சிக்கு ஏறிடுவானேன்னுதான். நீ சொன்னது எனக்கு ஞாபகமே இல்ல.”

“அத ஏன் இத்தனை வருஷமா சொல்லல?”

“எப்படிச் சொல்றது? கண்ணு எப்படிப் போச்சுன்னு கேட்டா, வழுக்குமரம் ஏறப் போய்ப் போச்சுன்னு சொன்னா, லயமே உருண்டு பொரண்டு சிரிக்கும். நீ ஏதோ கோவத்துல பேசாம இருக்கேன்னு நெனச்சேன். நீ இத நெனச்சுக்கிட்டிருப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவள் அவன் தோளில் ஓர் அடி போட்டாள். இன்னொன்று போட்டாள். மூன்றாவது அடி விழும்போது அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான். “வழுக்குமரமாம்! வழுக்குமரம்!” என்று சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். “அடி, அடி, இது கொறஞ்ச கூலிதான்” என்றான் அவன். நான் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு என் கண்ணைத் துடைத்தேன்.

துரை கடைசிச் சொட்டு வரை குடித்தார். தாடியைத் துடைத்தார். எழுந்தார். நானும் அவரும் பக்கவாட்டில் போய், குழாய்க்கு மேலே முகம் நீட்டாமல், கைநீளத்துக்கு வாளியை நீட்டி உள்ளே தண்ணீர் ஊற்றினோம். மறுபடியும் ஊற்றினோம். அதை விடியும் வரை யாரும் தொடக்கூடாது என்று சுற்றிலும் தனியாக இன்னொரு கயிறு கட்டினோம். தள்ளி நின்றிருந்த மற்றக் குழாய்களும் வாணங்களும் மிச்சம் இருந்தன. கச்சேரித் துரை வந்து, இத்தோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டார். பொறு துரை என்னைப் பார்த்தார். நான் செவனம்மாவைப் பார்த்தேன். கை என்னுடையது என்றாலும் அன்று உத்தரவு அவளிடமிருந்துதான் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

“என்னை ஏன் பாக்குறீங்க? மிச்சத்த வீட்டுக்கா கொண்டு போகப் போறீங்க? கொளுத்துங்கண்ணே” என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் பழையபடி முதுகைக் காட்டி நின்றாள்.

ஒரு வாணத்தை எடுத்து நட்டுக் கொளுத்தினேன். சீறிக்கொண்டு போய் உச்சியில் மெல்லிய சத்தத்தோடு விரிந்தது. கூட்டம் மறுபடியும் வாய் திறந்தது.

“என்னா நெறம் புள்ள?” என்று கேட்டான் மாரிமுத்து.

நான் தூரத்தில் இருந்தேன். பதில் சொல்ல அவனுக்கு வேறு யாரும் இல்லை. செவனம்மா திரும்பினாள். தலையை நிமிர்த்தினாள். வானத்திலிருந்து வந்த வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்து வழிந்தது.

“பச்சை” என்றாள்.

“பச்சைன்னா? பாசிப் பச்சையா, கிளிப் பச்சையா?”

“கொழுந்து. மழை பேஞ்ச மறுநாள் கொழுந்து.”

“அடுத்தது?”

“சும்மா இருங்க” என்றாள் அவள், மேலே பார்த்தபடியே. “இது இன்னும் அணையல.”